சிட்டோஸ் ஸ்கோரும் கார் இன்சூரன்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோட் டேக்ஸ் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பலருக்கு இன்சூரன்ஸ் நினைவு வருகிறது. அந்த அவசரத்தில் கேட்கப்படும் கேள்விகளே இங்கே இருக்கின்றன. கணக்குகள் எல்லாம் கோலாலம்பூர், பினாங்கு உட்பட தீபகற்ப மலேசியாவில் ஓடும் தனியார் கார்களுக்கானவை. தொகைகள் ரிங்கிட்டில்.

என் சிட்டோஸ் ஸ்கோர் மோசமாக இருக்கிறது. கார் இன்சூரன்ஸ் விலை ஏறுமா?

ஏறாது. மலேசியாவில் கார் காப்புறுதிக்கு விலை சொல்லும்போது நிறுவனம், சிட்டோஸ் போன்றவை போடும் உங்கள் கடன் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. கார் எண், அடையாள அட்டை எண், காரின் மாடல், காப்புத் தொகை, என்சிடி (கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு), யார் ஓட்டுவார்கள், கார் எங்கே நிற்கும், இவைதான் கேள்விகள். கிரெடிட் கார்டு பாக்கி, பிடிபிடிஎன் கல்விக் கடன், திரும்பி வந்த காசோலை எதுவும் அந்தப் படிவத்தில் கிடையாது.

பிறகு ஏன் யூடியூபில் எல்லோரும் "கிரெடிட் ஸ்கோரை ஏற்றினால் இன்சூரன்ஸ் குறையும்" என்கிறார்கள்?

அவர்கள் பேசுவது அமெரிக்காவைப் பற்றி. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கடன் வரலாற்றிலிருந்து தனியாக ஒரு காப்புறுதி மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறார்கள். வங்கி பார்க்கும் மதிப்பெண்ணும் இதுவும் ஒன்றல்ல. வங்கி மதிப்பெண் கடனைத் திருப்பிக் கட்டுவீர்களா என்று பார்க்கும். காப்புறுதி மதிப்பெண் கிளெய்ம் வருமா என்று ஊகிக்கும். கலிபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் கார் காப்புறுதிக்கு அதைப் பயன்படுத்த முடியாது. மற்ற இடங்களில், கடன் அறிக்கையைப் பார்த்ததால் விலையை ஏற்றினார்கள் என்றால் அதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள மத்தியச் சட்டம்.

பிள்ளை அங்கே படிக்கப் போய் கார் வாங்குகிறான் என்றால் இது அவனுக்குத் தேவையான செய்தி. செந்தூலில் மைவி ஓட்டும் உங்களுக்கு அல்ல.

சிட்டோஸ், சிசிஆர்ஐஎஸ் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. சிசிஆர்ஐஎஸ் பேங்க் நெகாராவின் பதிவேடு. வங்கிகளில் உங்களுக்கு இருக்கும் கடன்கள், கடந்த 12 மாதத் தவணைகள், புதிதாகக் கேட்ட கடன் விண்ணப்பங்கள் அதில் இருக்கும். அதில் மதிப்பெண்ணும் இல்லை, "பிளாக்லிஸ்ட்" என்று ஒரு பட்டியலும் இல்லை. இசிசிஆர்ஐஎஸ் தளத்தில் உங்கள் அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். சிட்டோஸ் தனியார் நிறுவனம். 300 முதல் 850 வரை மதிப்பெண் போடுகிறது. இத்தகைய தனியார் நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் கடன் அறிக்கையை ஒரு வங்கிக்குத் தர முடியாது.

அப்படியானால் கார் செலவில் கடன் வரலாறு எங்கேயுமே வராதா?

வரும், ஆனால் இன்சூரன்ஸ் பக்கமிருந்து வராது, லோன் பக்கமிருந்து வரும். 50,000 கடன், 9 ஆண்டு, நிலையான வட்டி 3 விழுக்காடு என்றால் மொத்த வட்டி 13,500. தவணை தவறிய வரலாற்றால் 4 விழுக்காடு சொன்னார்கள் என்றால் 18,000. அந்த ஒரு விழுக்காடு 4,500. இன்சூரன்சில் பத்து நிறுவனங்களிடம் விலை கேட்டு மிச்சப்படுத்துவதைவிட இது பெரிய தொகை.

லோன் இருக்கும்வரை வங்கி முழுக் காப்புறுதியைக் கேட்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தை மட்டும் ஏற்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு இறங்கிச் செலவைக் குறைக்கும் வழி அந்த 9 ஆண்டும் அடைபட்டுவிடும். கார் தொலைந்தாலோ முழுதாக நொறுங்கினாலோ இழப்பீடு முதலில் வங்கிக்குப் போகும், மீதி இருந்தால்தான் உங்களுக்கு.

லோன் கிடைக்கவில்லை என்று "சம்புங் பாயார்" காரை எடுக்கலாமா? இன்சூரன்ஸ் யார் பெயரில் போடுவது?

கடன் பிரச்சினையும் இன்சூரன்ஸ் பிரச்சினையும் உண்மையில் மோதிக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்புங் பாயாரில் கிரானும் (காரின் உரிமைப் பத்திரம்) லோனும் முதல் ஆள் பெயரிலேயே இருக்கும், மாதத் தவணையை மட்டும் நீங்கள் கட்டுவீர்கள். வங்கியின் அனுமதி இல்லாமல் இப்படிக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். இன்சூரன்சும் அவர் பெயரில்தான் போக வேண்டும். ஆகவே ஆண்டுதோறும் பணம் கட்டுவது நீங்கள், என்சிடி ஏறுவது அவருக்கு. அந்த என்சிடியை அவர் ஒரு நாள் தன் புதுக் காருக்கு எடுத்துக்கொண்டால் உங்களிடம் நிற்கும் காரின் என்சிடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

விபத்து என்றால் கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். தொலைபேசியை எடுக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். கார் முழுச் சேதம் என்றால் பணம் வங்கிக்கு, மீதி அவருக்கு, நீங்கள் இதுவரை கட்டியதற்கு எந்தப் பாலிசியும் பொறுப்பில்லை. நம்பிக் கொடுத்த ஆளே காரை ஏமாற்றிக் கொண்டுபோய்விட்டால் அதையும் வழக்கமான பாலிசி களவாக எடுத்துக்கொள்ளாது. ஏமாற்று, நம்பிக்கை மோசடியால் ஏற்படும் இழப்பு விலக்குப் பட்டியலில் இருக்கிறது. தவணை மலிவாகத் தெரிவதற்குக் காரணம், ஆபத்து முழுவதும் வாங்குபவர் தலையில் இருப்பதுதான்.

பிரீமியத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பழைய தாரிஃப் (எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலைப்பட்டியல்) கணக்கைத் தெரிந்துகொண்டால் இன்று வரும் எந்த விலையையும் எடைபோடலாம். 1,500 சிசி மைவி, காப்புத் தொகை 40,000 என்று வைத்துக்கொள்வோம். 1,401 முதல் 1,650 சிசி வரை முதல் 1,000 ரிங்கிட்டுக்கு 305.50. மீதி 39 ஆயிரங்களுக்கு ஆயிரத்துக்கு 26 வீதம் 1,014. மொத்தம் 1,319.50. இதுதான் அடிப்படைப் பிரீமியம். 55 விழுக்காடு என்சிடி இருந்தால் 593.78. அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி 47.50, முத்திரைத் தீர்வை 10. கட்ட வேண்டியது 651.28. (சேவை வரி 2024 மார்ச் 1க்கு முன் 6 விழுக்காடாக இருந்தது.)

என்சிடி இல்லாத ஒருவர் இதே காருக்கு 1,435.06 கட்டுவார். ஒரே கார், ஒரே தொகை, 780க்கும் மேல் வித்தியாசம்.

சிசி கூடினால் முதல் ஆயிரத்தின் விலை மட்டும் ஏறும்: 1,400 வரை 273.80, 1,651 முதல் 2,200 வரை 339.10. ஆகவே பிரீமியத்தை உண்மையில் இழுப்பது காப்புத் தொகைதான், என்ஜின் அளவு அல்ல. சபா, சரவாக்கில் ஆயிரத்துக்கு 26க்குப் பதில் 20.30.

2017இல் தாரிஃபை எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, இன்னும் அதே கணக்கா?

2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்பு, தீ, களவுக் காப்புறுதிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே வைக்கலாம். வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இன்னும் தாரிஃபில்தான் இருக்கிறது. மேலே சொன்ன மைவிக்கு அது 135, என்சிடி கழிவதற்கு முன்.

விலையைச் சுதந்திரமாக வைக்கும் நிறுவனங்கள் பார்ப்பவை: ஓட்டுநரின் வயது, பாலினம், கிளெய்ம் வரலாறு, காரின் வயது, மாடல், உதிரிபாக விலை, களவு போகும் மாடலா, பாதுகாப்புக் கருவிகள் உண்டா, எந்தப் பகுதியில் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பது நிறுவனத்தின் ரகசியம். ஒரே காருக்கு ஒரே நாளில் மூன்று இடத்தில் மூன்று விலை வருவது இதனால்தான். ஆண்டுக்கு ஒருமுறையாவது மூன்று நிறுவனங்களில் கேட்டுப் பாருங்கள். போன ஆண்டு மலிவாக இருந்தது இந்த ஆண்டு அப்படி இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

என்சிடி எத்தனை விழுக்காடு, எப்படி ஏறும்?

கிளெய்ம் இல்லாத முழு 12 மாதம் முடிந்தால் 25, அடுத்து 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55. அதற்குமேல் ஏறாது. மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25 வரை. எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் என்சிடி உங்களோடு வரும், இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தகாஃபுல் உட்பட. தகாஃபுல் எல்லா மதத்தினருக்கும் திறந்ததே.

என்சிடி காருக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு காரில்தான் உட்கார முடியும். இரண்டாவது கார் வாங்கினால் அது பூஜ்ஜியத்தில் தொடங்கும். இங்கே பலர் யோசிக்காத ஒன்று: அடிப்படைப் பிரீமியம் அதிகமான காருக்கு 55ஐ மாற்றினால் மிச்சம் அதிகம். பழைய சாகாவில் 55 உட்கார்ந்திருக்க, புது எஸ்யூவிக்கு முழு விலை கட்டுவது வீண். மாற்றும்போது பழைய காரின் பாலிசியில் மீதமுள்ள மாதங்களுக்கான வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதைக் கழித்துப் பார்த்தும் இலாபமா என்று கணக்குப் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

காரை விற்றால் என்சிடியை எடுக்க மறக்காதீர்கள். உங்கள் என்சிடி எவ்வளவு என்பதை மைகார்இன்ஃபோ தளத்தில் கார் எண்ணும் அடையாள அட்டை எண்ணும் கொடுத்துப் பார்க்கலாம். ஏஜென்டிடம் "55தான்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், பொதுத் தரவுத்தளத்தில் 45 என்று இருந்தால் வித்தியாசத்தைப் பின்னால் கேட்பார்கள்.

அப்பா பெயரில் 55 இருக்கிறது. மகன் காரை அவர் பெயரில் போடலாமா?

கிரான் யார் பெயரிலோ இன்சூரன்ஸ் அவர் பெயரில். கார் உண்மையிலேயே அப்பாவுடையது என்றால் அவர் பெயரில் போட்டு, மகனை ஓட்டுநராகப் பெயர் சேர்க்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அப்படி எத்தனை ஆண்டு ஓட்டினாலும் மகனுக்கென்று என்சிடி சேராது. முப்பது வயதில் தன் பெயரில் முதல் கார் வாங்கும்போது பூஜ்ஜியத்தில் நிற்பான். கல்யாணச் செலவும் அந்த வயதில்தான் வரும்.

பம்பரில் சின்ன அடி. கிளெய்ம் செய்வதா, கைக்காசு போடுவதா?

கணக்கு இதோ. மேலே சொன்ன மைவி, 55 விழுக்காடு. தவறு உங்கள்மேல் என்று கிளெய்ம் செய்தால் என்சிடி பூஜ்ஜியமாகும். அடுத்த ஐந்து ஆண்டில் நீங்கள் இழக்கும் கழிவு 55, 30, 25, 16.67, 10 விழுக்காடு. ஆறாம் ஆண்டில்தான் மீண்டும் 55. மொத்தம் ஓர் ஆண்டு அடிப்படைப் பிரீமியத்தின் 136.67 விழுக்காடு. காப்புத் தொகை மாறாமல் இருந்தால் 1,803, வரியோடு 1,948. கார் விலை ஆண்டுதோறும் இறங்குவதையும் சேர்த்தால் சுமார் 1,770.

ஆகவே பட்டறைக்காரர் 1,200 கேட்டால் கையிலிருந்து கட்டிவிடுங்கள். 3,000 என்றால் கிளெய்ம். இடைப்பட்ட தொகைக்கு உங்கள் பாலிசியில் எக்ஸஸ் (கிளெய்மில் நீங்களே கட்ட வேண்டிய முதல் தொகை) எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இப்போது 25இல் இருப்பவருக்கு இழப்பு குறைவு, அடிப்படைப் பிரீமியத்தின் 85 விழுக்காடுதான். அவர் 1,500க்கே கிளெய்ம் செய்யலாம்.

ஒரு பொறி உண்டு. நீங்கள் கிளெய்ம் செய்யாவிட்டாலும், நீங்கள் இடித்த கார்க்காரர் உங்கள் நிறுவனத்திடம் கிளெய்ம் செய்தால் என்சிடி போய்விடும். கைக்காசு போடும் திட்டம் பலிக்க வேண்டுமென்றால் இரண்டு கார்களின் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார் களவு போய் நீங்கள் கிளெய்ம் செய்தாலும் என்சிடி போகும். தவறு யார்மேல் என்ற கேள்வியே அங்கு எழாது.

தவறு அடுத்தவர்மேல். அப்போதும் என்சிடி போகுமா?

போகாது, சரியான வழியில் கேட்டால். இரண்டு கார்களுக்கும் முழுக் காப்புறுதி இருந்தால் உங்கள் நிறுவனத்திடமே பழுதுபார்க்கக் கேட்கலாம், என்சிடி அப்படியே இருக்கும். பட்டறைகளில் இதை "ஓடி கேஎஃப்கே" என்பார்கள். படிவத்தில் இந்த வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "ஓடி" (சொந்தக் கார்ச் சேதம்) என்று போட்டுவிட்டால் அது உங்கள் தவறுக்கான கிளெய்ம் கணக்கில் போகும்.

இடத்திலேயே இரண்டு கார் எண்களும் தெரியும்படி படம் எடுங்கள். சாலைக் கோடுகளும் தெரியட்டும். டாஷ்கேம் இருந்தால் அன்றே அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மேலெழுதிவிடும். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். கோலாலம்பூரில் பலர் போவது ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள போக்குவரத்துப் போலீஸ் நிலையத்துக்கு. புகாரில் எந்தத் தடத்தில் போனீர்கள், எந்தப் பக்கம் இடித்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். யார்மேல் தவறு என்ற விசாரணை முடிவு அந்த வாக்குமூலத்தில்தான் தொங்குகிறது.

நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை முதலில் கூப்பிடுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் சாவியையோ கையெழுத்தையோ கொடுக்காதீர்கள். அவர் கொண்டுபோகும் பட்டறை உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் இல்லையென்றால், இழுத்த கூலியும் நிறுத்திவைத்த கூலியும் உங்கள் தலையில் விழும்.

மோட்டார் சைக்கிள் வந்து இடித்தால் இந்த வழி பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் அநேக மோட்டார் சைக்கிள்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருக்கும். அப்போது அந்த மோட்டார் சைக்கிளின் நிறுவனத்திடம் மூன்றாம் தரப்புக் கிளெய்ம் கேட்க வேண்டும். நாளாகும்.

காப்புத் தொகையைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும்தானே?

குறையும். கிளெய்மும் குறையும். காரின் சந்தை விலை 50,000, நீங்கள் போட்டது 40,000. சேதம் 10,000 என்றால் நிறுவனம் தருவது ஐந்தில் நான்கு பங்கு, 8,000. மீதி 2,000 உங்களுடையது. சந்தை விலைக்கும் காப்புத் தொகைக்கும் வித்தியாசம் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் இப்படி வெட்ட மாட்டார்கள். பிரீமியத்தில் மிச்சம் எவ்வளவு? பத்தாயிரத்துக்கு 260, அதிலும் 55 கழித்தால் 117. அந்த 117க்காக 2,000ஐப் பணயம் வைப்பது சரியான கணக்காகத் தெரியவில்லை.

கூட்டிப் போடுவதிலும் பயன் இல்லை. சந்தை விலைப் பாலிசியில் முழு இழப்பு என்றால் அன்றைய சந்தை விலைக்குமேல் தர மாட்டார்கள். ஒப்புக்கொண்ட விலைப் பாலிசியில் தொகை முன்கூட்டியே நிச்சயமாகும், பிரீமியம் சற்றுக் கூடும். லோன் பாக்கி பெரிதாக உள்ள புதுக் காருக்கு அது நல்லது.

எட்டு வயது கார். பட்டறையில் "பெட்டர்மென்ட்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஏமாற்றா?

இல்லை. பழைய பாகத்தை எடுத்துப் புது ஒரிஜினல் பாகம் போடும்போது, கார் முன்பிருந்ததைவிட நல்ல நிலைக்கு வருகிறது என்பது அவர்கள் வாதம். ஐந்து வயதுக்குக் கீழ் எதுவும் இல்லை. 5 வயதில் 15 விழுக்காடு, 6இல் 20, 7இல் 25, 8இல் 30, 9இல் 35, 10இலிருந்து 40. பாகத்தின் விலையில் மட்டும்தான் இது, கூலியில் அல்ல. 4,000க்கு உதிரிபாகம் என்றால் எட்டு வயதுக் காருக்கு 1,200. பட்டறை இதைப் பெயின்ட், கூலி எல்லாவற்றின் மேலும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். இதைத் தவிர்க்கும் கூடுதல் காப்பு விற்கிறார்கள். அதை விபத்துக்கு முன்னால் வாங்க வேண்டும்.

தம்பி "பி" லைசன்ஸ். என் காரை ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் பாலிசியில் பெயர் இல்லாதவர், 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், "எல்" (பழகுநர்) அல்லது "பி" (புது ஓட்டுநர்) லைசன்ஸ் உள்ளவர், இவர்களில் யார் ஓட்டி உங்கள் கார் சேதமானாலும் முதல் 400 உங்கள் கையிலிருந்து. தம்பி பெயரைச் சேர்த்தாலும் "பி" இருக்கும்வரை அந்த 400 போகாது. கூடுதல் ஓட்டுநர் பெயருக்குப் பொதுவாக 10 ரிங்கிட். குடும்பத்தில் நான்கு பேர் ஓட்டினால் எல்லா ஓட்டுநர்களுக்குமான காப்பை விலை கேட்டுப் பாருங்கள்.

வெள்ளம், கண்ணாடி எல்லாம் முழுக் காப்புறுதியில் இல்லையா?

"முழு" என்ற சொல் பலரை ஏமாற்றியிருக்கிறது. வெள்ளம், நிலச்சரிவு, புயலில் மரம் விழுவது சாதாரண முழுக் காப்புறுதியில் சேராது. 2017 நவம்பரில் பினாங்கில், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது பலர் இதை அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். இதற்கான கூடுதல் காப்பு பல நிறுவனங்களில் காப்புத் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு. 40,000க்கு 80 முதல் 200 வரை. அடுக்குமாடியின் நிலவறையில் கார் நிறுத்துபவர் உயரமான இடத்தில் இருக்கிறோம் என்று விட்டுவிட வேண்டாம். தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான். தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், அந்தச் சேதத்தை நீங்களே உண்டாக்கினீர்கள் என்ற வாதம் எழும்.

கண்ணாடிக்கு அதன் விலையில் 15 விழுக்காடு: 1,000க்கு 150. இந்தக் கிளெய்ம் என்சிடியைத் தொடாது. தொகையைத் தீர்மானிக்கும்போது டின்ட் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள காருக்குக் கண்ணாடி மாற்றியபின் அதைச் சரிப்படுத்தும் கூலியும் உண்டு. ஒருமுறை கிளெய்ம் செய்தபின் அந்தக் காப்பு முடிந்துவிடும், மீண்டும் வாங்க வேண்டும்.

பினாங்கிலிருந்து ஹட்ஜாய் போகிறோம். இதே பாலிசி போதுமா?

போதாது. வழக்கமான பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புருணை வரைதான். தாய்லாந்துக்குக் கூடுதல் நீட்டிப்பு வேண்டும், புறப்படும் முன்பே உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். அதோடு தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியும் தனியாக எடுக்க வேண்டும், புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைப் பகுதிக் கடைகளில் கிடைக்கும். இரண்டாவது அந்த நாட்டுச் சட்டத்துக்கு, முதலாவது உங்கள் காருக்கு. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை.

கிராப் ஓட்டினால்?

மின்னழைப்புக்கான கூடுதல் காப்பு வாங்க வேண்டும். பகுதிநேரம், வார இறுதி மட்டும் என்பதெல்லாம் செல்லாது. பயணியை ஏற்றியிருக்கும்போது விபத்து நடந்து இந்தக் காப்பு இல்லையென்றால் கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

ஆன்லைனில் வாங்கினால் மலிவா, ஏஜென்டிடமா?

நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்கினால் ஏஜென்டுக்குப் போகும் 10 விழுக்காட்டைப் பல நிறுவனங்கள் கழித்துவிடுகின்றன. மேலே சொன்ன மைவிக்கு அது ஏறக்குறைய 59. நல்ல ஏஜென்ட் விபத்து நாளில் படிவம் நிரப்பித் தருவார், பட்டறையோடு பேசுவார், அதற்கு 59 அதிகமில்லை. ரோட் டேக்சுக்கு மட்டும் வந்து முகம் காட்டும் ஏஜென்ட் என்றால் ஆன்லைனே மேல். எங்கே வாங்கினாலும் பணம் கட்டியபின்தான் காப்பு தொடங்கும், கடன் சொல்ல முடியாது. இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கலாம். விவரம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவுக்குக் கணினி வழியாகப் போய்விடும்.

சம்மன் கட்டாமல் இருந்தால் பிரீமியம் ஏறுமா?

சம்மன் பாக்கி ரோட் டேக்ஸைத் தடுக்கலாம். இன்சூரன்ஸ் வாங்குவதைத் தடுக்காது. ஆனால் ஓட்டுநர் பழக்கத்தை எடைபோட நிறுவனங்களுக்கு இப்போது சுதந்திரம் உண்டு, அதனால் போக்குவரத்துக் குற்றம் பற்றிக் கேள்வி இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். கவனமின்றித் தவறான விவரம் கொடுத்தால் கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் இடம் தருகிறது. காரில் மாற்றம் செய்திருந்தாலும் இதே விதிதான்.

பழைய கார் என்று எல்லா நிறுவனமும் மறுக்கிறது. அல்லது கிளெய்மை மறுத்துவிட்டார்கள். எங்கே போவது?

முதல் கேள்விக்கு: வேறு யாரும் எடுக்காத வண்டிகளுக்காக 1992 முதல் எம்எம்ஐபி என்ற கூட்டு ஏற்பாடு இருக்கிறது. போஸ் மலேசியாவில் விசாரியுங்கள். விலை கூடுதலாக இருக்கும், ஆனால் ரோட் டேக்ஸ் எடுக்க முடியும்.

இரண்டாவதுக்கு: மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எந்தப் பிரிவைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாலிசியில் தேடிப் படியுங்கள். முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள், போலீஸ் புகார், விசாரணை முடிவு, படங்கள், பட்டறை மதிப்பீடு நகல்களோடு. அதிலும் தீராவிட்டால் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையான எஃப்எம்ஓஎஸ் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் பழைய ஓஎஃப்எஸ்ஸின் இடத்தில் இயங்குவது இதுதான். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்தின் இறுதி முடிவுக் கடிதம் கையில் கிடைத்த தேதியைக் குறித்துவையுங்கள், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும்.